அபினியை அளந்த டாக்டர் சோப்ரா

அபினி பார்ப்பதற்குப் பழம்புளி போல் இருக்கும். நிறம் கறுப்பு. விரலில் ஒட்டும். நாக்கில் வைத்தால் கசக்கும்.

குருமாவுக்கு அரைத்துப் போடுகிறோமே கசகசா, அந்தச் செடியின் பச்சைக் காயைக் கத்தியால் கீறினால் பால் வடியும். அந்தப் பால் காய்ந்து இறுகினால் அபினி. விதை போதை தராது. பால்தான் போதை.

வலியால் துடிக்கிறவனுக்கு அபினி தெய்வம் போல் வந்து உதவும். அதே அபினி, பழகிப் போனவனை லேசில் விடாது. வீட்டை விற்பான். மனைவியின் நகையை விற்பான். இனித் தொடமாட்டேன் என்று குழந்தையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்வான். ஒரு மாதம் கழித்து மறுபடியும் தொடுவான்.

இது ஏன்? மனத்தில் உறுதி இல்லையா? அல்லது உடம்பில் ஏதாவது கோளாறா?

இந்தக் கேள்வியை ஊர் ஊராகப் போய் ஆராய்ந்த இந்தியர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ராம்நாத் சோப்ரா. இந்திய மருந்தியலின் தந்தை என்று அவரைப் போற்றுகிறார்கள்.

பஞ்சாபில் பிறந்தார்

1882-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி சோப்ரா பிறந்தார். ஊர் குஜ்ரன்வாலா. அது அப்போது இந்தியாவின் பஞ்சாப் மாகாணத்தில் இருந்தது. இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது.

லாகூர் அரசாங்கக் கல்லூரியில் படித்தார். 1903-ம் ஆண்டு கப்பலேறி இங்கிலாந்து போனார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அங்கே டிக்சன் என்ற பேராசிரியர் இருந்தார். ஒரு மருந்து உடம்புக்குள் போனதும் என்ன செய்கிறது, எந்த உறுப்பைத் தொடுகிறது, எவ்வளவு கொடுத்தால் குணம், எவ்வளவு கொடுத்தால் விஷம் என்று ஆராய்வது அவர் வேலை. அப்போது அது புதிய கல்வி. சோப்ரா அவரிடம் மாணவராகச் சேர்ந்தார். அன்று பிடித்த ஆசை கடைசிவரை அவரை விடவில்லை.

டாக்டர் பட்டம் பெற்ற சோப்ரா, 1908-ம் ஆண்டு இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். அது ராணுவத்தோடு சேர்ந்த வேலை. வெள்ளைக்காரர்களே நிறைந்திருந்த இடம். முதல் உலகப் போரின்போது கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு அவரை அனுப்பினார்கள். போர்க்களத்தில் காயம் பட்டவர்களுக்கு வைத்தியம் செய்தார்.

கல்கத்தாவில் ஒரு ஆய்வுக்கூடம்

1921-ம் ஆண்டு சோப்ராவின் வாழ்க்கையில் பெரிய திருப்பம் ஏற்பட்டது.

கல்கத்தாவில் வெப்ப நாட்டு நோய்களை ஆராய ஒரு கல்விக்கூடம் புதிதாகத் தோன்றியது. அதில் மருந்தியல் பேராசிரியராகச் சோப்ரா நியமிக்கப்பட்டார். பிற்காலத்தில் அந்தக் கல்விக்கூடத்துக்கே தலைவர் ஆனார்.

அந்தக் காலத்தில் மருந்து எல்லாம் சீமையிலிருந்து வரும். விலை அதிகம். ஏழைகளால் வாங்க முடியாது. நம் காட்டிலும் மேட்டிலும் கிடக்கும் மூலிகைகளை மேல்நாட்டு டாக்டர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. நாட்டு வைத்தியர்களோ அவற்றை அளந்து சோதித்துப் பார்ப்பதில்லை.

சோப்ரா இரண்டு பக்கமும் சாயவில்லை. மூலிகையைக் கொண்டு வரச் சொன்னார். அதிலுள்ள சத்தைப் பிரித்தார். பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். குணம் இருந்தால் இருக்கிறது என்று எழுதினார். இல்லாவிட்டால் இல்லை என்று எழுதினார். இந்திய மூலிகை மருந்துகள் பற்றி அவர் எழுதிய பெரிய புத்தகம் 1933-ம் ஆண்டு வெளிவந்தது.

அபினி தின்றவர்களைத் தேடி

அப்போது அபினி ரகசியப் பொருள் அல்ல. சர்க்கார் லைசென்சு பெற்ற கடையில் விற்றது. கங்கைக் கரையிலுள்ள காசிப்பூரில் சர்க்காரே அபினி ஆலை நடத்தியது. அதனால் கஜானாவுக்கு நல்ல வருமானம்.

சர்வதேச சங்கம் என்று ஒரு சபை அந்நாளில் இருந்தது. இன்றைய ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடி அது. 10 ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 6 கிலோ அபினி இருந்தால் வைத்தியத்துக்குப் போதும் என்று அது கணக்கிட்டது. இந்தியாவில் பல பகுதிகளில் அதற்கு மேல் பலமடங்கு விற்றது.

யார் இதைத் தின்கிறார்கள்? எதற்காகத் தின்கிறார்கள்? தின்றால் என்ன ஆகிறது? வாதாடியவர்கள் பலர். விசாரித்துப் பார்த்தவர்கள் சிலர். 1920-களில் சோப்ரா இந்த வேலையில் இறங்கினார்.

அவரும் அவருடைய உதவியாளர்களும் அபினி தின்கிறவர்களைத் தேடிப் போனார்கள். வயது என்ன, தொழில் என்ன, எத்தனை ஆண்டுப் பழக்கம், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதினார்கள். நாடி பார்த்தார்கள். உடம்பைச் சோதித்தார்கள். திட்டவில்லை. புத்தி சொல்லவில்லை. கேட்டார்கள், எழுதினார்கள்.

அதில் தெரிந்த செய்தி பலருக்கும் வியப்பாக இருந்தது.

கூத்தும் கும்மாளமுமாகத் தொடங்கியவர்கள் மட்டும் அல்ல இவர்கள். பலர் வலிக்காகத் தொடங்கியவர்கள். மூட்டு வலி, இருமல், வயிற்றுக் கடுப்பு. டாக்டர் இல்லாத ஊரில் ஒரு குன்றிமணி அபினிதான் டாக்டர். இன்னும் பலர் உழைப்பாளிகள். களைப்புத் தெரியாமல் இருக்கத் தின்றார்கள்.

அபினி தின்றால் மலேரியா அண்டாது என்று நம்பினார்கள். நீரிழிவு குறையும் என்று நம்பினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அதனால் தின்றோம் என்றார்கள்.

எல்லாவற்றிலும் கொடுமை குழந்தைகளின் கதை. ஆலை வேலைக்கும் வயல் வேலைக்கும் போகும் தாய்மார்கள், குழந்தை அழாமல் தூங்கட்டும் என்று துளி அபினி கொடுத்தார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கூலியை விட்டால் அடுப்பு எரியாது. குழந்தை தூங்கியது. சில குழந்தைகள் எழுந்திருக்கவே இல்லை.

சோப்ரா இதை எல்லாம் கணக்கோடு எழுதி வெளியிட்டார். அபினிப் பழக்கம் என்பது போக்கிரித்தனம் அல்ல. வறுமையும் வலியும் அறியாமையும் சேர்ந்து உண்டாக்கும் நோய் என்பது அவர் எழுத்திலிருந்து புலனாயிற்று.

போலி மருந்துக்கு முடிவு

1930-ம் ஆண்டு சர்க்கார் ஒரு விசாரணைக் குழு அமைத்தது. கடைகளில் போலி மருந்தும் கலப்பட மருந்தும் மலிந்துவிட்டன. மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினாவில்கூடக் கலப்படம். அதை விசாரிக்கும் குழுவுக்குச் சோப்ராதான் தலைவர்.

குழு நாடு முழுவதும் சுற்றியது. 1931-ம் ஆண்டு அறிக்கை கொடுத்தது. அதன் பயனாக 1940-ம் ஆண்டு மருந்துச் சட்டம் பிறந்தது. இன்று மருந்துக் கடையில் வாங்கும் ஒவ்வொரு மாத்திரை அட்டையிலும் தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் இருக்கின்றனவே, அந்த ஒழுங்குக்கு எல்லாம் அடிப்படை இந்தச் சட்டம்தான்.

1941-ம் ஆண்டு சோப்ராவுக்கு சர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு கல்கத்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெயருக்குத்தான். காஷ்மீருக்குப் போய் அங்கே மருந்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றை வளர்த்தார்.

ஒரு வேரின் கதை

சர்ப்பகந்தி என்று ஒரு மூலிகை உண்டு. வேர் பாம்பு போல் வளைந்திருக்கும். பீகார் பக்கத்தில் பைத்தியம் பிடித்தவர்களுக்கு அந்த வேரைக் கொடுப்பார்கள். பைத்திய மருந்து என்றே அதற்குப் பெயர்.

1930-களின் தொடக்கத்தில் இந்திய ஆராய்ச்சியாளர்கள் சிலர் இந்த வேரில் அக்கறை காட்டினார்கள். அவர்களில் சோப்ராவும் ஒருவர். 1933-ம் ஆண்டு அவரும் அவருடைய கூட்டாளிகளும் இந்த வேரின் சத்தைச் சோதித்துக் கட்டுரை வெளியிட்டார்கள். அது ரத்த அழுத்தத்தைக் குறைத்தது. பிராணிகளைச் சாந்தப்படுத்தியது.

1949-ம் ஆண்டு பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல், ரத்த அழுத்த நோயாளிகளுக்கு இந்த மருந்து கொடுத்துக் கண்ட பலனை இங்கிலாந்துப் பத்திரிகையில் எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரெசர்ப்பின் என்ற சத்தைத் தனியாகப் பிரித்தார்கள்.

சரி, அபினிக்கும் இந்த வேருக்கும் என்ன சம்பந்தம்? இரண்டையும் இணைக்கும் நூல் மூளைக்குள் இருந்தது.

மூளைக்குள் ஒரு பொருள்

1948-ம் ஆண்டு அமெரிக்காவில் ரத்தத்திலிருந்து ஒரு பொருளைப் பிரித்தார்கள். ரத்தக் குழாயை இறுக்கும் பொருள் அது. செரட்டோனின் என்று பெயர் வைத்தார்கள். 1953-ம் ஆண்டு பெட்டி துவாராக் என்ற பெண் விஞ்ஞானி, அதே பொருள் மூளையிலும் இருப்பதைக் காட்டினார்.

மூளையில் அதற்கு என்ன வேலை? அதைக் கண்டுபிடிக்க உதவியது நம் நாட்டு வேர்.

1955-ம் ஆண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் முயல்களுக்கு ரெசர்ப்பின் கொடுத்தார்கள். முயல்கள் சோர்ந்து ஒடுங்கின. மூளையைச் சோதித்தபோது அதிலிருந்த செரட்டோனின் பெருமளவு காலியாகி இருந்தது. மனத்தின் நிலைக்கும் மூளையிலுள்ள பொருளுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு இது பெரிய தடயம் ஆயிற்று.

செரட்டோனின் தூக்கம், பசி, அமைதி, உற்சாகம் முதலிய பலவற்றில் பங்கு கொள்கிறது. மூளையின் அடிப்பகுதியில் ஒரு சிறு கூட்டம் நரம்பு அணுக்கள் இதைத் தயாரித்து மூளை முழுவதற்கும் அனுப்புகின்றன.

அபினியும், அதிலிருந்து எடுக்கும் மார்பினும், மார்பினிலிருந்து செய்யும் ஹெராயினும் உடம்புக்குள் போனதும் இந்த ஏற்பாட்டையும் குலைக்கின்றன. முதலில் செரட்டோனின் அதிகமாகப் பாய்கிறது. நாளாக ஆக மூளை அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்கிறது. போதையை நிறுத்தியதும் செரட்டோனின் வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. எலிகளை வைத்து நடத்திய சோதனைகளில் இதைக் கண்டிருக்கிறார்கள்.

கண்மாய் சொல்லும் பாடம்

ராமநாதபுரம் சீமைக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். சிக்கல் பக்கத்துக் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள்.

மழைத் தண்ணீர் வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கு வரவேண்டும். அதற்காக ஊரார் ஆண்டுதோறும் வரத்துக்காலைத் தூர் வாருவார்கள். ஒரு நாள் யாரோ ஒருவர் வந்து, தினமும் குழாய் போட்டுத் தண்ணீர் நிரப்புகிறேன் என்கிறார். கண்மாய் ததும்புகிறது. ஊருக்கு ஆனந்தம். வரத்துக்காலை யார் வாரப் போகிறார்கள்? மண் மூடுகிறது. கருவேல் முளைக்கிறது.

திடீரென்று குழாய்த் தண்ணீர் நிற்கிறது. மழையும் பெய்கிறது. ஆனால் கண்மாயில் தண்ணீர் இல்லை. வரத்துக்கால் தூர்ந்துவிட்டதே!

போதையை நிறுத்தியவனின் மூளை இந்தக் கண்மாய்தான்.

முதல் சில நாட்கள் உடம்பு துடிக்கும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். கொட்டாவி வரும். வயிறு போகும். எலும்பெல்லாம் வலிக்கும். இதற்கு நார்அட்ரினலின் என்ற வேறொரு மூளைப் பொருள் முக்கியக் காரணம். ஹெராயின் போன்றவற்றில் இந்தத் துடிப்பு இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வீட்டார் நிம்மதி அடைவார்கள். பையன் பிழைத்துவிட்டான் என்று எண்ணுவார்கள்.

ஆனால் இரண்டாவது துன்பம் அப்போதும் ஓய்ந்திருக்காது. தூக்கம் வராது. எதிலும் ருசி இருக்காது. சொந்தக் குழந்தை சிரித்தாலும் மனம் மலராது. யாரோடும் பேசப் பிடிக்காது. இது வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நீடிக்கலாம். இந்த வெறுமையில் செரட்டோனினுக்குப் பங்கு உண்டு என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். பழைய ஆசை மறுபடியும் தலைதூக்குவதும் இந்த வெறுமையில்தான். ஆசையைத் தூண்டுவதில் டோபமைன் என்ற பொருளுக்கும் பெரும் பங்கு உண்டு.

2011-ம் ஆண்டு பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சுண்டெலிகளுக்கு மார்பின் பழக்கி, பிறகு நிறுத்தினார்கள். உடம்பின் துடிப்பு அடங்கி நாலு வாரம் ஆன பின்னும் அவை மற்ற எலிகளோடு ஒட்டாமல் ஒதுங்கின. செரட்டோனினை மூளையில் நிலைக்கச் செய்யும் மருந்தை இடையில் கொடுத்தபோது அந்தச் சோர்வு தடுக்கப்பட்டது.

மனிதருக்கு அந்த மருந்து மட்டும் கொடுத்தால் போதைப் பழக்கம் போய்விடும் என்று எண்ணக் கூடாது. அப்படி நிரூபணம் ஆகவில்லை. டாக்டர்கள் இப்போது முக்கியமாக நம்புவது புப்ரெனார்பின், மெத்தடோன் என்ற மருந்துகளை. இவை ஆசையை அடக்கும், மரணத்தைக் குறைக்கும். இவற்றை டாக்டரின் கண்காணிப்பில்தான் சாப்பிட வேண்டும்.

இன்னொரு அபாயத்தையும் குடும்பத்தார் அறிய வேண்டும். சில வாரம் நிறுத்தியவனின் உடம்பு, பழைய அளவைத் தாங்காது. மறுபடி தொடும்போது பழைய அளவே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். ஆஸ்பத்திரியிலிருந்தோ சிறையிலிருந்தோ வீடு திரும்பிய பிறகு பலர் இப்படித்தான் இறக்கிறார்கள்.

90 வயது வரை

சோப்ரா முதுமையிலும் பேனாவை வைக்கவில்லை. 1956-ம் ஆண்டு இந்திய மூலிகைகளின் பெயர் அகராதி ஒன்றைக் கூட்டாளிகளோடு வெளியிட்டார். 80 வயதைத் தாண்டிய பிறகும் போதைப் பழக்கம் பற்றிய நூல் ஒன்றைத் தம் மகனோடு சேர்ந்து எழுதினார்.

இதற்கிடையே நாடு சுதந்திரம் அடைந்தது. வைத்தியத்துக்கு அல்லாத அபினியைப் பத்து ஆண்டுகளில் ஒழிப்பது என்று 1949-ம் ஆண்டு முடிவு செய்தார்கள். 1959-ம் ஆண்டோடு கடை அபினி முடிந்தது.

1973-ம் ஆண்டு மார்ச்சு மாதம் அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. அபினிச் சத்து மூளையில் போய் உட்காரும் இடத்தைக் கேண்டஸ் பெர்ட் என்ற இளம்பெண்ணும் அவருடைய பேராசிரியர் ஸ்னைடரும் கண்டுபிடித்துவிட்டார்கள். பூட்டுக்குச் சாவி போல, அபினிக்கு மூளையில் ஒரு பூட்டு இருந்தது.

அந்த ஆண்டு ஜூன் 13-ந் தேதி சோப்ரா ஸ்ரீநகரில் காலமானார். அப்போது அவருக்கு 90 வயது. 1983-ம் ஆண்டு இந்திய அரசு அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது.

சங்கிலியா, வைத்தியமா?

சிக்கல் பக்கம் கசகசாச் செடி விளைவதில்லை. பனையும் மிளகாயும் உப்பும் விளையும் பூமி அது. ஆனாலும் ராமேசுவரம் கடற்கரை வழியாக இலங்கைக்குப் போதைப்பொருள் கடத்துகிறவர்கள் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. வலி மாத்திரைகளைப் போதைக்குப் பயன்படுத்தும் வழக்கமும் தமிழ்நாட்டில் புகுந்துவிட்டது. துன்பம் எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம்.

தட்டினால் என்ன செய்வது? சிலர் அடிக்கிறார்கள். சிலர் அறையில் பூட்டுகிறார்கள். சிலர் கட்டிப் போடுகிறார்கள்.

கட்டிப் போட்டால் என்ன ஆகும் என்பதை இந்தச் சீமை அறியும். சிக்கலிலிருந்து அதிக தூரமில்லாத ஏர்வாடியில் 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி விடியும் முன் மன நோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். நாடே கண்ணீர் வடித்தது.

சங்கிலி நோயைக் குணப்படுத்தாது. வசையும் குணப்படுத்தாது. போதைக்கு அடிமையானவனை அரசு ஆஸ்பத்திரியின் மனநல டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். உடம்பின் துடிப்பு அடங்கியதும் வைத்தியத்தை நிறுத்திவிடக் கூடாது. அடுத்த சில மாதங்கள்தான் கண்மாயின் வரத்துக்காலை வாரும் காலம். மருந்து, தூக்கம், சாப்பாடு, வேலை, வீட்டாரின் பொறுமை எல்லாம் சேர்ந்துதான் அந்த மண்ணை அள்ள வேண்டும். நடுவில் ஒரு முறை தவறிவிட்டால், எல்லாம் போயிற்று என்று கைவிடாமல் மறுபடியும் டாக்டரிடம் போக வேண்டும்.

நூறு ஆண்டுகளுக்கு முன் சோப்ரா அபினி தின்றவனிடம் போய், உனக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டார். செரட்டோனின் என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை. ஆனாலும் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. இன்று வீட்டில் ஒருவன் வழி தவறி நின்றால், அவனிடம் முதலில் கேட்க வேண்டியதும் அதே கேள்விதான்.